ஜெர்மனிக்குப் போகுமுன் மாணவர்களின் புலம்பலைப் படித்த கதை

கீழக்கரையில் வெளிநாடு என்றால் யாரும் மிரள மாட்டார்கள். துபாய், அபுதாபி, கோலாலம்பூர், ஹாங்காங், கொழும்பு என்று எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் தெருவுக்கு ஒருவராவது அங்கே இருந்துவிட்டு வந்திருப்பார். ரூம் வாடகை என்ன, எந்தக் கடையில் நம்ம சாப்பாடு கிடைக்கும், முதலாளி சம்பளத்தை ஒழுங்காகக் கொடுப்பானா என்பது வரைக்கும் சொல்வார். ஆனால் இதெல்லாம் பிழைக்கப் போகிறவர்களுக்கு உதவுகிற தகவல். நான் படிக்கப் போகிறேன், அதுவும் ஜெர்மனிக்கு, கடல் உயிரியலில் முதுகலை என்று சொன்னபோது வாப்பாவுக்கு விசாரிக்க ஆளே கிடைக்கவில்லை. துபாயில் இருக்கும் என் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, தன் கம்பெனிக்கு வந்துபோகும் ஜெர்மன்காரர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தார். அவர் முனிச் பக்கத்து ஆள், நான் போக நினைத்த பால்டிக் கடலோர ஊருக்கு அவர் போனதே இல்லையாம். "நல்ல ஊர்தான், குளிரும்" என்றாராம். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த நேரடித் தகவல்.

ஆக எனக்கு மிச்சமிருந்தது, மாணவர்கள் இணையத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்வது மட்டும்தான். ரெட்டிட், டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்கள், ஃபேஸ்புக்கில் அந்தந்த ஊர் இந்திய மாணவர் பக்கங்கள் என்று மாதக்கணக்கில் படித்தேன். பிறகு போனேன், படிப்பை முடித்தேன், ஊருக்கும் வந்துவிட்டேன். இப்போது சொந்தத்தில் யார் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டாலும் எனக்கு போன் வருகிறது. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "ராத்தா, அந்த யுனிவர்சிட்டி நல்லதா?"

இந்தக் கேள்வியை இணையத்தில் யாரிடம் கேட்டாலும் வருகிற பதில் உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது. சந்தோஷமாக இருப்பவன் நல்லது என்பான், போன வாரம் பரீட்சையில் கோட்டை விட்டவன் போயும் போயும் இங்கேயா வருகிறாய் என்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் படித்த விதம் வேறு. அபிப்பிராயத்தை எல்லாம் தள்ளிவிட்டு, யாருக்காவது ஒரு சின்னச் சிக்கல் வந்த இடமாகப் பார்த்துத் தேடினேன். சிக்கல் என்ன, அதற்கு மற்றவர்கள் என்ன பதில் போட்டார்கள் என்பதில்தான் அந்த இடத்தின் குணம் தெரிகிறது என்பது என் கட்சி. இது எப்படிப் பிடிபட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதற்கு உம்மாதான் காரணம்.

அதற்கு முன்னால், எழுதுகிற ஆள் யார் என்று பார்க்கப் பழக வேண்டும். ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தை வானளாவப் புகழ்கிறார் என்றால் அவர் பெயரைத் தட்டி, வேறு என்னவெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். நிஜ மாணவன் என்றால் கலவையாக இருக்கும். பழைய சைக்கிள் விலைக்கு வேண்டும், தலைமுடி கொட்டுகிறது, ஐபிஎல் எந்தச் செயலியில் தெரியும், இப்படி. எழுதியது மொத்தமும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெருமை என்றால் அது மாணவன் அல்ல, கமிஷன். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவில் பல பல்கலைக்கழகங்கள் ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுப்பது ஒளிவுமறைவு இல்லாமல் நடப்பதுதான். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இந்தப் பழக்கம் இல்லை, தனியார் நிறுவனங்கள் சில கொடுக்கின்றன. கல்விக் கண்காட்சியில் 'ஜெர்மனி' என்று பேனர் கட்டிவிட்டு உள்ளே போனால் தனியார் பெயர்களாகவே இருப்பதன் ரகசியம் இதுதான். தனியார் என்பதாலேயே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் தெரியாத இடம் என்றால் ஜெர்மனியில் அரசு அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்களைப் பட்டியல் போட்டிருக்கும் 'ஹோக்ஷூல்கொம்பாஸ்' (Hochschulkompass) தளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லை என்றால் மேற்கொண்டு எதையும் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொரு கூட்டமும் உண்டு, அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, பாவப்பட்டவர்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டுப் போன பிள்ளை, போன இடம் சரியில்லை என்று பொதுவில் எழுதாது. அதே குழுவில் மாமா இருப்பார், கூடப் படித்தவன் இருப்பான். பாதியில் திரும்பியவரோ மொத்தமாகவே மௌனமாகிவிடுவார். அதனால் நீங்கள் படிப்பதெல்லாம் கரையேறியவர்கள் எழுதியது என்பது நினைவில் இருக்கட்டும். மூழ்கியவர்களைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் சுற்றி வளைத்துத்தான் தேட வேண்டும். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்று கணக்கு உண்டு, மூன்று முறை என்பது பரவலான வழக்கம். கட்டாயப் பாடத்தில் கடைசி முறையும் தோற்றால் சேர்க்கை ரத்தாகும், அதே படிப்பை அந்த நாட்டில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பெரும்பாடு. நம்ம ஊர் அரியர் கணக்கு அங்கே எடுபடாது. 'மூன்றாவது முயற்சி' என்பதற்கான ஜெர்மன் சொல்லை மொழிபெயர்ப்புச் செயலியில் எடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினேன். கடைசி முயற்சிக்கு முன்னால் பயந்துபோய் எழுதியவர்களும், பேராசிரியர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார் என்று எழுதியவர்களும், எந்தப் பாடம் ஆளை முழுங்குகிறது என்பதும் அங்கே இருந்தது. இந்திய மாணவர் குழுக்களில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சரி, புகார்களுக்கு வருவோம். எல்லா இடத்திலும் புகார்தான் நிறைய இருக்கும், அதைப் பார்த்து வீட்டில் பயப்படுவார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி பல்கலைக்கழகத்தைப் பற்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கிறது என்பது ஜெர்மன் சட்டம். தங்கும் அனுமதிக்கு நேரம் கிடைக்கவில்லை என்பது வெளிநாட்டினர் அலுவலகத்தின் சங்கதி. மழை, இருட்டு, மனிதர்கள் சிரிப்பதில்லை என்பதெல்லாம் ஊரின் சமாச்சாரம், அந்த ஊரில் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் கூடவே வரும். இவற்றைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் நடக்கும் என்று போட்டுவிட்டு விருப்பப்பாடங்களை ஜெர்மனில் நடத்துவது, விடைத்தாள் திருத்த மாதக்கணக்காவது, ஆய்வேட்டுக்கு வழிகாட்டி கிடைக்காமல் ஒரு செமஸ்டர் சும்மா போவது, ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்பது. இவை வேறு வேறு ஆட்களால் வேறு வேறு வருஷங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால் அது அந்தத் துறையின் வியாதி. ஒரே வருஷத்தில் ஒரே ஆள் எழுதியது என்றால் அவருக்கும் அந்தப் பேராசிரியருக்கும் ஏதோ தகராறு, விட்டுவிடலாம்.

சில புகார்கள் உண்மையில் நற்சான்றிதழ். நூலகத்தில் இடமே கிடைப்பதில்லை என்று ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே சண்டை. பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்காக அங்கே நேரம் குறிக்கும் அட்டை கொடுத்திருக்கிறார்கள், காரில் பார்க்கிங் நேரம் காட்ட வைப்பார்களே அதே மாதிரி வட்டு. எழுந்து போகும்போது மணியைத் திருப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும், நேரம் தாண்டினால் பக்கத்தில் நிற்பவர் உங்கள் புத்தகங்களை ஓரமாக நகர்த்திவிட்டு உட்காரலாம். இதில் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அத்தனை புகாரும். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற இடம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எந்த மாதத்தில் எழுதியது என்பதையும் பார்க்க வேண்டும், இதை யாருமே கவனிப்பதில்லை. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும், வகுப்புகள் பிப்ரவரி வரை போகும், அதை ஒட்டிப் பரீட்சை. ஜூலையில் எழுதுகிறவர்கள் இடம் கிடைத்த குஷியில் இருப்பவர்கள், இன்னும் விமானமே ஏறவில்லை. செப்டம்பர், அக்டோபரில் ரூம் கிடைக்காத ஒப்பாரி. டிசம்பரில் அந்த வடகோடியில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அந்த மாதங்களில் எழுதியதைப் படித்தால் நமக்கே நெஞ்சடைக்கும். மே, ஜூனில் அதே ஆட்கள் புல்தரையில் படுத்துக்கொண்டு ஐஸ்கிரீம் படம் போடுவார்கள். மே மாதத்தில் மண்டபம் கரைக்கு வருகிற வெளியூர்க்காரர், விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்து இங்கே மீன்பிடித் தொழிலே செத்துப்போச்சு என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் ஒரே பல்கலைக்கழகத்தைப் பற்றி பிப்ரவரியில் எழுதியதையும் ஜூனில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஜூனிலும் அழுகிறார்கள் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

உம்மாவுக்கு வருகிறேன். நான் படிப்பதை எல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தமிழில் சொல்லிக் காட்டுவேன். தரவரிசை, ஆய்வகம், கப்பலில் கூட்டிப்போவார்கள், கட்டணம் இல்லை, இப்படி. வாப்பா தலையாட்டிக்கொண்டே இருப்பார். உம்மா ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே, "அதெல்லாம் சரி, காய்ச்சல்ல படுத்தா அங்கே யாரு பாக்குறது?" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் ராத்திரி போனை எடுத்ததும் விரல் அதையே தட்டியது. பல்கலைக்கழகத்தின் பெயர், கூடவே காய்ச்சல், மருந்து, டாக்டர் என்பதற்கான ஜெர்மன், ஆங்கிலச் சொற்கள்.

நான் பிறகு சேர்ந்த ஊரின் மாணவர் பக்கத்தில் இப்படி ஒரு பதிவு கிடைத்தது. ஒரு சனிக்கிழமை ராத்திரி யாரோ எழுதியிருக்கிறார்: விடுதியில் இருக்கிறேன், வந்து சில வாரம்தான் ஆகிறது, காய்ச்சல் அடிக்கிறது, மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளை ஞாயிறு, என்ன செய்வது? முதல் பதில், ஞாயிற்றுக்கிழமையும் முறைவைத்துத் திறந்திருக்கும் மருந்துக்கடை எது என்பதற்கான இணைப்பு. இரண்டாவது, 116117 என்ற எண்ணுக்கு அழை, டாக்டர் நேரம் இல்லாத வேளைக்கான எண், ஆங்கிலம் பேசுகிற ஆளைக் கேள். அதற்குக் கீழே ஒருவர், மூச்சு முட்டினால் யோசிக்காமல் 112 என்று சேர்த்திருந்தார். அதற்கும் கீழே, "எந்த பிளாக்? நான் பி பிளாக், மூன்றாவது மாடி, என்னிடம் மாத்திரை இருக்கிறது, கதவில் மாட்டிவிட்டுப் போகிறேன்." இன்னொருவர், பரீட்சை ஏதும் இருந்தால் டாக்டர் சான்றிதழ் வாங்கி உடனே தேர்வு அலுவலகத்தில் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் தோல்வி என்று போட்டுவிடுவார்கள் என்று. மறுநாள் அந்த ஆளே வந்து, காய்ச்சல் குறைந்துவிட்டது, பி பிளாக் அண்ணாச்சிக்கு நன்றி என்கிற தோரணையில் எழுதியிருந்தார்.

இதே தேடலை, என் பட்டியலில் முதலிடத்தில் இருந்த வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கும் செய்தேன். தரவரிசையில் அது மேலே. கிட்டத்தட்ட இதே கேள்வி அங்கேயும் இருந்தது. பதில்: "கூகுள் பண்ணத் தெரியாதா?" அதற்குக் கீழே ஒரு கிண்டல் படம். அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒன்றை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சாவி தொலைந்தது, சைக்கிள் திருடு போனது, பரீட்சையில் தோற்றது, அறைத்தோழியோடு சண்டை, வகுப்புக்கு நடுவில் தொழ இடம் உண்டா என்றெல்லாம் இரண்டு ஊருக்கும் தேடினேன். கடைசிக் கேள்விக்கு, நான் பிறகு சேர்ந்த ஊரில், நூலகக் கட்டடத்தில் அமைதி அறை ஒன்று இருக்கிறது, சாவி கீழே கவுன்டரில் கேள் என்று, பெயரைப் பார்த்தால் முஸ்லிம் அல்லாத ஒருவர்தான் சொல்லியிருந்தார். மற்ற ஊரில் அந்தக் கேள்விக்கு மதம் பற்றிய வாக்குவாதம் நீண்டுகொண்டே போனதே தவிர, இடம் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. இதற்கு அப்புறம் எனக்குத் தரவரிசைப் பட்டியல் தேவைப்படவில்லை. என் முதல் குளிர்காலத்தில் நிஜமாகவே காய்ச்சலில் படுத்தேன். ஒரே நடைக்கூடத்தில் இருந்த துருக்கிப் பெண் சிவப்புப் பருப்பில் சூப் வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொண்டுவந்தாள். இந்தியக் குழுவில் 'கெட் வெல் சூன்' நிறைய வந்தது. உம்மாவிடம் துருக்கிப் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன்.

நம்ம ஆட்கள் இருக்கும் குழுக்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ரூம், அரிசி, விமானத்தில் எத்தனை கிலோ, எந்த வங்கி என்பதற்கெல்லாம் அவர்களை விட்டால் ஆள் கிடையாது. பகுதிநேர வேலை பற்றியும் அவர்கள் சொல்வதுதான் நடைமுறை உண்மை, வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற இப்போதைய வரம்பை எப்படிக் கணக்கு வைப்பது என்பது வரைக்கும். ஆனால் வகுப்பறைக்குள் நடப்பதை அவர்களிடம் கேட்டால் "நல்லாத்தான் போகுது" என்பதோடு நிற்கும். ஒன்றாகவே சமைத்து ஒன்றாகவே உட்கார்ந்து ஒன்றாகவே வீடு திரும்புகிறவர்களுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படி என்று தெரிய வாய்ப்பில்லை. வகுப்பறை நிலவரத்துக்கு நான் நம்பியது, கூட்டம் சேராத நாட்டுப் பிள்ளைகளை. கொலம்பியா, நேபாளம், கானா. தன் நாட்டுக்காரர் ஒருவரோ இருவரோதான் என்றால் எல்லோரோடும் பழகித்தான் ஆக வேண்டும், அதனால் அவர்கள் எழுதுவதில் விவரம் இருக்கும்.

அப்படி ஒரு கொலம்பியப் பெண் எழுதியது இன்னும் நினைவில் இருக்கிறது. குழு வேலைக்கு ஐந்து பேர், படிப்பு ஆங்கிலத்தில், ஆனால் ஜெர்மன் பிள்ளைகள் மூன்று பேர் உட்கார்ந்ததும் பேச்சு தானாக ஜெர்மனுக்குப் போய்விடுகிறது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று. கீழே ஒரு ஜெர்மன் மாணவர், "வேண்டுமென்று செய்வதில்லை, மறந்துவிடுகிறோம், சத்தமாகச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வோம்" என்றார். இன்னொருவர், "இங்கே வாழ வந்தால் ஜெர்மன் கற்றுக்கொள்" என்றார். முதலாமவருக்கு ஆதரவாக நிறையப் பேர், இரண்டாமவருக்கும் சிலர். போன பிறகு எனக்கு அப்படியே நடந்தது. சத்தமாகச் சொன்னேன், உடனே மன்னிப்புக் கேட்டு ஆங்கிலத்துக்கு வந்தார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஜெர்மன். மறுபடியும் சொன்னேன். இதைப் படிக்காமல் போயிருந்தால் ஒதுக்குகிறார்கள் என்று அறைக்கு வந்து அழுதிருப்பேன். படித்திருந்ததால் அது பழக்கதோஷம் என்று தெரிந்தது, ஜெர்மன் வகுப்பிலும் முதல் வாரமே சேர்ந்துவிட்டேன்.

அந்த ஊர் மாணவர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு, யோடெல் என்ற செயலி. பெயர் இல்லாமல் எழுதுவது, நிற்கிற இடத்தைச் சுற்றியுள்ளவர்கள் எழுதியதுதான் தெரியும். அதனால் கீழக்கரையில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியாது. ஏற்கெனவே அங்கே இருக்கும் யாராவது பழக்கம் என்றால், சாதாரணமான ஒரு வாரநாளில் வந்தவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதி கெட்ட வார்த்தையும் காதல் தோல்வியுமாகத்தான் இருக்கும். மிச்சப் பாதியில் எந்தப் பேராசிரியர், எந்தப் பேருந்து, வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன பேச்சு என்பதெல்லாம் அப்படியே இருக்கும்.

பழைய பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பணம், விசா, வேலை அனுமதி பற்றி எழுதியது என்றால் தேதியைப் பார்க்காமல் ஒரு வரிகூட நம்பாதீர்கள். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ ஆனது, அதற்கு முந்தைய பதிவுகளில் குறைவாக இருக்கும். ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பார்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதலே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்குகிறது. பிரிட்டனில் 2024 ஜனவரிக்குப் பிறகு தொடங்கும் சாதாரண முதுகலைப் படிப்புக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இந்த மாதிரி விஷயங்களை அரசுப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு பேராசிரியர் மாணவர்களைக் கடித்துக் குதறுவார் என்று பல வருஷத்துக்கு முன்னால் எழுதியிருந்தால், அவர் இன்னும் அதே நாற்காலியில் இருந்தால், அந்தப் பதிவுக்கு வயதே ஆகாது.

என் சாச்சா மகள் பிரிட்டனுக்குப் போனாள், அவளுக்காகவும் படித்தேன். அங்கே நிலைமை கொஞ்சம் வேறு. முதுகலை ஒரே வருஷம். இடம் பழகி, இது இப்படித்தான் என்று சொல்லத் தெரிகிற நேரத்தில் பெட்டி கட்டிவிடுகிறார்கள். அதனால் முதுகலை மாணவர்கள் எழுதியதில் ஆழம் கம்மி, வந்த புதிதில் எழுதிய வியப்பும் எரிச்சலும்தான் அதிகம். வருஷாவருஷம் நடக்கும் தேசிய மாணவர் கருத்துக்கணிப்பின் முடிவைப் பல்கலைக்கழகங்கள் பெருமையாகப் போட்டுக்கொள்ளும். அது இளங்கலை இறுதியாண்டு மாணவர்களிடம் எடுப்பது, ஒரு வருஷ முதுகலைக்குப் போகிற நம்ம பிள்ளையின் அனுபவம் அதில் இல்லை. அவளுக்கு, படிப்பை முடித்துவிட்டு வெளியே வந்தவர்களை லிங்க்ட்இன்னில் தேடித்தான் கேட்டோம்.

கேட்கிற விதத்தில்தான் பாதி இருக்கிறது. "ப்ரோ, காலேஜ் எப்படி" என்று அனுப்பினால் யாரும் பதில் போட மாட்டார்கள், போட்டாலும் "குட்" என்பார்கள். முதல் செமஸ்டரில் இருப்பவரை விட்டுவிடுங்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர் அல்லது அண்மையில் முடித்தவர்தான் சரியான ஆள். நீங்கள் யார், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று இரண்டு வரி, அப்புறம் பதில் சொல்லச் சுலபமான ஒரே ஒரு கேள்வி. நான் கேட்டவை இந்த மாதிரி: போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாரோடு சாப்பிட்டீர்கள்? ஆய்வேட்டுக்கு வழிகாட்டி எப்படிக் கிடைத்தார், நீங்கள் போய்க் கேட்டீர்களா அவரே கூப்பிட்டாரா? மெயில் போட்டால் எத்தனை நாளில் பதில் வரும்? சனிக்கிழமை ஆய்வகம் திறந்திருக்குமா? உங்களோடு சேர்ந்தவர்களில் யாராவது விட்டுவிட்டுப் போனார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வராது, குரல் பதிவாக வரும். அதைக் கவனமாகக் கேளுங்கள். அங்கே நம்மைவிட வெயிலில் மூன்றரை மணி நேரமும் குளிரில் நாலரை மணி நேரமும் பின்னால் இருப்பார்கள், நம்ம காலை ஏழு மணிக்கு அனுப்பி எழுப்பிவிட வேண்டாம்.

ரூம் விஷயத்தில் ஒன்றே ஒன்று. நான் வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பு, சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று எவன் சொன்னாலும் அந்த உரையாடலை மூடிவிடுங்கள். குழுவில் எத்தனை பேர் அவனுக்குச் சாட்சி சொன்னாலும் சரி.

இத்தனை படித்தும் தெரியாமல் போனது உண்டு. அந்தக் கடலில் உப்பு ரொம்பக் குறைவு என்பது பாடப்புத்தகத்தில் இருந்தது. கடற்கரைக்குப் போனால் கருவாட்டு வாடையோ நம்ம கரை வாடையோ எதுவுமே இருக்காது என்று எந்த மாணவரும் எழுதவில்லை, அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை போல. நான் எப்படிப்பட்ட ஆள் என்பதும் எந்தப் பதிவிலும் இருக்கப்போவதில்லை. எனக்குத் தனிமை பிடிக்கும் என்பதால் அந்தச் சின்ன ஊர் ஒத்துவந்தது, காக்காவின் மைத்துனர் அங்கே வந்திருந்தால் ஒரு மாதத்தில் ஓடிவந்திருப்பார். உங்கள் பிள்ளை எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கிறார்கள். இந்திய மாணவர்கள் ஜெர்மன் மாணவர் விசாவுக்கு, நம்ம படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய், விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு உங்கள் வாசிப்புக்குப் போதும். குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 வரை நேரம் இருக்கிறது என்று குழுக்களில் சொல்வதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முதுகலைப் படிப்புகள் பலவற்றுக்கு மார்ச்சிலோ மே மாதத்திலோ முடிந்துவிடும், அதனால் முந்தைய வருஷம் பள்ளிக்கூடங்களுக்குக் காலாண்டு லீவு விடுகிற சமயத்திலேயே ஏபிஎஸ்ஸுக்குப் போட்டுவிட்டு, பிப்ரவரிப் புலம்பல்களில் இருந்து படிக்கத் தொடங்குங்கள்.